முதுகை நன்றாக எடுத்திருக்கிறார்கள்

"இது செல்லுமா, செல்லாதானு நீங்கதான் சொல்லணும்மா."

லாசினா சாக்கை அவிழ்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று ஒரு முகமூடி இருந்தது. நீண்ட மூக்கு, மேலே வளைந்த இரண்டு கொம்புகள், பொத்தான் அளவுக்கு ஒரு வாய்.

மாசேனி கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எதுக்குச் செல்லணும்?"

"என் வீட்டுக்காரியை அனுப்பி வைக்க."

இப்போது கை நின்றது.

மேற்கு ஆப்பிரிக்காவில், கம்பு விளையும் செம்மண் மலை ஒன்றின் மேல் இருந்தது அந்த ஊர். மாசேனியை அங்கே ஆசான் என்பார்கள். வயதில் லாசினாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வருடம் சின்னவள். ஆனாலும் எந்த முகமூடி எப்போது வரும், எப்படிக் கூப்பிடும், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவளிடம்தான் இருந்தது. தலைமுடி நரைத்த ஆண்கள்கூட அவள் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் உடனே போய்விடுவதில்லை. வாசலிலேயே நிற்பார். அவருடைய குலத்து முகமூடி ஆடிக்கொண்டு வந்து, தாய் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் பின்னாலேயே போய்விடுவார்.

அதுவரை வீட்டார் அந்தப் பேரை வாயால் சொல்லக் கூடாது. சொன்னால், வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, போக வேண்டியவர் உள்ளே திரும்பிவிடுவாராம்.

முகமூடி கூப்பிட்ட பிறகு எல்லாம் சரி. பேரை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பிறக்கிற பிள்ளைக்கு வைக்கலாம். அந்தப் பிள்ளையைத் திட்டவும் செய்யலாம்.

லாசினாவின் மனைவி இறந்து ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது. இன்னும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எனக்கு அவள் பேர் தெரியும். இருந்தாலும் இப்போது சொல்ல மாட்டேன். கதை சொல்கிறவனுக்கு மட்டும் தனி வழக்கமா என்ன?

"இது எங்க கிடைச்சுது?" என்று கேட்டாள் மாசேனி.

லாசினா சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான்.

அவன் தலைநகரத்தில் போன் ரிப்பேர் செய்கிறவன். மனைவியின் குலத்து முகமூடியை அவள் தாத்தா காலத்திலேயே யாரோ கொண்டு போய்விட்டார்கள். விற்றார்கள் என்று சிலர் சொல்வார்கள், பிடுங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். இப்போது அது ஏதோ ஒரு குளிர்நாட்டு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் அதைப் பல கோணங்களில் படமெடுத்து, முப்பரிமாண உருவமாக்கி இணையத்தில் போட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது.

இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் அதைச் சாவிக்கொத்தில் மாட்டும் பொம்மையாக அடித்து விற்கிறார். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் பேய்கள் அதை மாட்டிக்கொண்டு ஓடி வருகின்றன. லாசினா அதைத் தெரிந்த ஒருவரின் முப்பரிமாணப் பிரிண்டரில் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் செய்து வாங்கினான்.

எனக்கு அந்த அருங்காட்சியகத்துக்காரர்கள் மேல் கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

"பாருங்கம்மா. விரலை வச்சா திரும்பும்." லாசினா திரையைத் தேய்த்தான். முகமூடி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் திரும்பியது.

மாசேனி விரலை வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் திரும்பியது.

"நல்லாத்தான் திரும்புது. நீங்க தொடாம, அதுவா எப்பவாவது உங்க பக்கம் திரும்பியிருக்கா?"

"அது எப்படிம்மா திரும்பும்?"

"சும்மா கேட்டேண்ணே."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் முகமூடியைக் கையில் எடுத்தாள். கொம்பைத் தடவினாள். மூக்கைத் தடவினாள். கன்னத்தில் இருந்த கீறல் கோடுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"முதுகை ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க" என்றாள்.

"முதுகா? இதுதானேம்மா முகம்?"

மாசேனி பக்கத்தில் கம்பு இடித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள். "கேட்டீங்களா? இதுதான் முகமாம்."

பெண்கள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நாம் முகமூடி என்கிறோம், முகத்தை மூடுவது என்று. அவர்கள் மொழியில் அப்படி இல்லை. முகமூடிக்கே ஒரு முகம் உண்டு. அது உள்பக்கம். உள்ளே போகிற ஆளை அது பார்த்துக்கொண்டிருக்கும். ஊர் பார்ப்பதெல்லாம் அதன் முதுகைத்தான். கொம்பு, மூக்கு, கீறல் எல்லாமே முதுகில் செய்த அலங்காரம்.

லாசினா நடக்கப் பழகிய வயதிலேயே மலையை விட்டு நகரத்துக்குப் போனவன். அவனுக்கு இது தெரியாது. படமெடுத்தவர்களுக்கும் தெரியாது. படத்துக்குக் கீழே 'முன்பக்கம்' என்று எழுதி வைத்திருந்தார்கள்.

மாசேனி முகமூடியைத் திருப்பினாள்.

பின்னால் ஒன்றுமில்லை. பலகை மாதிரி தட்டையாக அடைத்திருந்தது. அருங்காட்சியகத்தில் அதை இரும்புக் கம்பியில் பொருத்திச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்களாம். உள்ளே கேமரா போகவில்லை. தெரியாத இடத்தை இயந்திரம் தானாகவே மூடிவிட்டது.

"இதுக்குள்ள ஆள் எப்படிப் போவான்?"

லாசினாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அந்தச் சாக்கைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவன் அவன்.

"குடைஞ்சிடலாம்மா" என்றான்.

"குடைங்க."

சுரைக்குடுக்கை குடைகிற வளைந்த கத்தி ஒன்றைக் கொடுத்தாள். பிறகு கடலைக்குத் திரும்பிவிட்டாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடைந்தான். மேல் தகடு எளிதில் உடைந்தது. உள்ளே அறை அறையாக, தேன்கூடு மாதிரி, அத்தனையும் வெறும் காற்று. சுரண்டச் சுரண்ட வெள்ளைத் தூள் மடியில் கொட்டியது.

பெண்கள் இடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒருத்தி மருமகனைத் திட்டினாள். இன்னொருத்தி அவனுக்குப் பரிந்து பேசினாள். லாசினா அந்தச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டான். அவன் அறையில் இப்படிச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

பகலெல்லாம் கடையில் ஊரார் போன்களைத் திறந்து மூடுவான். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒவ்வொரு போனிலிருந்தும் தன் போனுக்கு ஒரு முறை அடித்துப் பார்ப்பான். அவன் போன் அடிப்பது அதற்கு மட்டும்தான். இரவில் சமைத்தால் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் அளவு வருகிறது. மிச்சத்தை மறுநாள் சாப்பிடுவான். அவனுக்கு அழுகை வருவதுகூட அந்த மிச்சத்தைச் சாப்பிடும்போதுதான்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. கண்களையும் துளைத்துவிட்டான். கொண்டு வந்து மாசேனி முன் வைத்தான்.

"இப்ப செல்லுமாம்மா?"

அவள் திருப்பி உள்ளே பார்த்தாள்.

"முகம் வந்திருக்கு. கோணலா இருக்கு."

"நேராக்கிடட்டுமா?"

"வேணாம். உங்க முகம் மட்டும் என்ன நேராவா இருக்கு?"

லாசினா சிரித்துவிட்டான். சிரித்ததும் அவனுக்கே கூச்சமாகப் போய்விட்டது.

"பிளாஸ்டிக்தானேம்மா இது. மரமில்லையே. அதனாலதான் பயமா இருக்கு."

"யாரு ஆடப் போறா?" என்றாள் மாசேனி, அவன் கேட்டது காதில் விழாத மாதிரி.

"இந்த ஊர்ல யாராவது மனசு வச்சா..."

"வைப்பாங்க. நல்லா ஆடுற ஆளுங்க இருக்காங்க. மாட்டிக்கிட்டு வருவாங்க. வந்து?"

"வந்து, கூப்பிடணும்."

"யாரை?"

லாசினா வாயைத் திறந்தான். சட்டென்று கையால் பொத்திக்கொண்டான்.

மாசேனி ஒரு கடலையை உரித்தாள்.

"உங்க வீட்டம்மா ஊர் ஆளுங்க யாரையாவது கூட்டிட்டு வாங்களேன். ஆடுறவன் காதுல அவங்க சொல்லட்டும்" என்றாள்.

"அந்த ஊரே தண்ணிக்குள்ள இருக்கும்மா. அணை கட்டும்போது எழுப்பி விட்டாங்க. ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க. அப்பன் ஆத்தா இல்ல. ஒரு அண்ணன் இருந்தான், அவனும் போயிட்டான். எங்களுக்குப் பிள்ளையும் இல்ல."

"பட்டணத்துல பழகினவங்க?"

"சோப்புக்காரம்மானுதான் கூப்பிடுவாங்க. அவ சோப்பு வித்தா. ஆஸ்பத்திரிக் காகிதத்துல இருக்கிறது பள்ளிக்கூடத்துல வச்ச பேரு. அதைக் கூப்பிட்டா அவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

"உங்க போன்ல?"

"வீடுனு போட்டு வச்சிருந்தேன்."

மாசேனி கடலைத் தோலை ஊதினாள். தோல் பறந்து போய் அவன் காலடியில் விழுந்தது.

"எழுதிக் காட்டட்டுமாம்மா?" என்றான் லாசினா.

"எழுதுற கை யாரோடது?"

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு மெதுவாக மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரு நாள் மனசு கேக்கலைம்மா" என்றான். "போன்ல பேரை அடிச்சேன். வாசிச்சுக் காட்டுற வசதி இருக்கு அதுல. நான் சொன்னாத்தானே தப்பு, போன் சொன்னா என்னனு நினைச்சேன். கதவைத் திறந்து வச்சிட்டு, போனை வாசல்ல வச்சிட்டு, பட்டனை அமுக்கினேன்."

"சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"என்னனு?"

"வேற யாரையோ கூப்பிட்டுச்சு."

கம்பு இடித்துக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரொம்பத் தப்பா சொல்லுச்சும்மா. இழுத்து, நீட்டி, ஒரு வெள்ளைக்காரப் பேரு மாதிரி. அவ வாசல்லதானே நின்னுட்டிருப்பா? கேட்டு என்ன நினைச்சிருப்பா?"

மாசேனி முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மியூசியத்துக்காரங்க மனசு மாறி, அந்த மர முகமூடியையே திருப்பிக் குடுத்துட்டாங்கனு வைங்க. அதுக்கு உங்க வீட்டம்மா பேரு தெரியுமா?"

லாசினா போன் திரையில் இருந்த மர முகமூடியைப் பார்த்தான்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவன் அந்த முகமூடியை நினைத்துக்கொண்டே தூங்கியிருக்கிறான். கண்ணாடியை உடைத்து எடுத்து வருகிற மாதிரி கனவுகூடக் கண்டிருக்கிறான். எல்லாச் சிக்கலும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தான்.

"தெரியாது" என்றான்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"வேற யாருக்கும் தெரியாதும்மா. நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா அப்படி ஒருத்தி இருந்தாங்கறதே இல்லாமப் போயிடும். தினமும் வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துக்கறேன், மறந்துடக் கூடாதுனு. சத்தம் வந்துடக் கூடாதுனு உதட்டைக் கடிச்சுக்கிட்டு சொல்றேன்."

அவன் அழுதான். அறுபது வயதை எட்டப் போகிறவன், முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தூள் ஒட்டிய விரல்களோடு அழுதான். மாசேனி அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"அப்ப நீங்களே உள்ள போங்க" என்றாள்.

லாசினா நிமிர்ந்தான்.

"துக்கக்காரன் முகமூடிக்குள்ள போகக் கூடாதேம்மா. பட்டணத்துல வளர்ந்த எனக்கே அது தெரியும்."

"கூடாதுதான்."

"பின்ன?"

மாசேனி எழுந்தாள். முற்றத்தின் நடுவுக்குப் போனாள். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மண்ணில் உட்கார்ந்தாள்.

அந்த ஊரில் ஒரு பெண் தலைத்துணி இல்லாமல் வெறும் மண்ணில் உட்காருவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்.

உலக்கைகள் நின்றன.

"ஐயோ, ஆசானே! யாரு போயிட்டா?" என்று ஓடி வந்தாள் ஒருத்தி.

"என் வீட்டுல ஒருத்தி."

"யாரு?"

"தெரியல. கூப்பிடும்போது தெரிஞ்சுக்கலாம்."

ஓடி வந்தவள் மாசேனியைப் பார்த்தாள். மரத்தடியில் நின்ற லாசினாவைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த வெள்ளை முகமூடியையும் பார்த்தாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தன் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு மாசேனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மருமகனைத் திட்டியவள் வந்து உட்கார்ந்தாள். பரிந்து பேசியவளும் வந்தாள். குழந்தையை முதுகில் கட்டியிருந்த ஒருத்தி, குழந்தையை அவிழ்க்காமலே உட்கார்ந்தாள். கூரை வேய்ந்துகொண்டிருந்த ஆண்கள் இறங்கி வந்து சுவரோரமாகக் குந்தினார்கள்.

முற்றம் நிறைந்துவிட்டது.

மாசேனி லாசினாவைத் திரும்பிப் பார்த்தாள். தெரியாத ஆளைக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"துக்கக்காரங்க நாங்க இங்க உட்காந்திருக்கோம். அங்க நிக்கிறது யாரு?"

லாசினா முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். துக்கக்காரன் என்று சொல்லலாம் என்றால், அந்த இடத்தில் இத்தனை பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவனுக்கென்று மண்ணில் இடம் விடவில்லை. கையில் முகமூடி மட்டும்தான் இருந்தது.

அதற்குள் முகத்தை நுழைத்தான்.

உள்ளே பிளாஸ்டிக் வாடை அடித்தது. சொரசொரப்பு கன்னத்தில் குத்தியது. கண் துளைகள் சரியான இடத்தில் இல்லை. ஒன்றில் வானம் தெரிந்தது, இன்னொன்றில் ஒன்றும் தெரியவில்லை. அவன் மூச்சு அவன் முகத்திலேயே வந்து பட்டது.

அவனுக்கு ஆடத் தெரியாது. இரண்டு அடி வைத்தான். தடுக்கியது. கொம்பு ஒரு வேப்பங்கிளையில் இடித்தது. யாரும் சிரிக்கவில்லை. சுவரோரத்திலிருந்து ஒருவன் கவிழ்த்த குடுக்கையில் தாளம் தட்டத் தொடங்கினான். அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டு லாசினா நடந்தான்.

முற்றத்தின் நடுவில் நின்றான்.

"யாரைக் கூப்பிட வந்தே?" என்றாள் மாசேனி.

உதட்டைக் கடித்துக் கடித்துப் பழகிய வாய் திறக்க மறுத்தது. குடுக்கைக்காரன் தட்டிக்கொண்டே இருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"யாரைக் கூப்பிட வந்தே?"

"தெனே."

காற்று மாதிரிதான் வந்தது. தனக்கே கேட்கவில்லை என்று நினைத்து மறுபடி கூப்பிட்டான். அடிவயிற்றிலிருந்து, கொம்பு அதிர, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.

"தெனே!"

மாசேனி இரண்டு கைகளாலும் மார்பில் அடித்துக்கொண்டாள். அவளைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அழுகை வெடித்தது.

"அடி தெனே! எங்க வீட்டுப் பொண்ணே! போயிட்டு வாடி, தெனே!"